சதுப்பு நில ரோஜா

ரோஜா என்றதும் பாத்தி கட்டி, எருவிட்டு, வேர் அழுகாமல் நீரை வடித்துக் காக்கவேண்டிய தோட்டச் செடியே பலருக்கும் நினைவில் வரும். நீர் தேங்கும் சேற்றிலேயே செழித்து வளரும் ரோஜாவும் ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் கீழ்ப்பாகத்தில், நோவா ஸ்கோஷியா முதல் பிளாரிடா வரையில், சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அது சுதேசச் செடியாக விளங்குகிறது. 1785-ம் வருஷத்தில் ஹம்ப்ரி மார்ஷல் என்னும் தாவர சாஸ்திரி அதற்கு ‘ரோஸா பாலுஸ்ட்ரிஸ்’ என்று நாமகரணம் செய்தார்.

ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ புதராக வளரும் இச்செடி, கோடையில் ஐந்திதழ் கொண்ட இளஞ்சிவப்புப் பூக்களைப் பூக்கும். தேனீக்கள் மகரந்தம் தேடி வரும். சிவந்த காய்கள் குளிர்காலத்திலும் உதிராமல் நின்று பட்சிகளுக்கு இரையாகும். முள் நிறைந்த புதரினுள் சிறு பறவைகள் அச்சமின்றித் தங்கும்.

ஆனால் பட்சிகளுக்கு உபயோகம் என்ற காரணத்தால் மட்டும் எந்த ரோஜாவையும் நட்டுவிடலாகாது. அந்நாட்டில் 1930-க்குப் பின் மண் அரிப்பைத் தடுக்கவும் உயிர்வேலியாகவும் ‘மல்டிபுளோரா’ என்னும் கீழ்த்திசை ரோஜாவைச் சர்க்காரே சிபார்சு செய்தது. சில ராஜ்யங்களில் நாற்றுகள் இனாமாகவே வழங்கப்பட்டன. பட்சிகள் அதன் பழத்தைத் தின்று விதையை எங்கும் தூவின. மாடுகளும் நுழையமுடியாதபடி மேய்ச்சல் நிலங்களை அது மூடிக்கொண்டது. இனாமாக வந்த செடியைக் களைய இன்றும் குடியானவர்கள் பணம் செலவழிக்கிறார்கள்! பல ராஜ்யங்களில் அது சட்டப்படி விலக்கப்பட்ட களை. சதுப்பு ரோஜாவோ பெரும்பாலும் ஈரநிலத்தை விட்டு அகலுவதில்லை.

அதனை நடுவதற்கு ஈரம் வற்றாததும் வெயில் நன்கு படுவதுமான நீரோரம் ஏற்றது. சற்றுப் புளிப்புள்ள மண் மிகவும் உகந்தது. அடிவேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை வேருடன் பிரித்து நடுவதே சுலபம். விதையானால் முளைக்குமுன் சில மாதம் ஈரமும் குளிரும் வேண்டும். இலையுதிர் காலத்தில் விதைத்துவிட்டால் பனிக்காலமே அவ்வேலையைச் செய்துவிடும். முதிர்ந்த கிளைகளைக் குளிர்காலக் கடைசியில் கழிக்கவேண்டும். முன்னதாக வெட்டினால் பட்சிகளின் இரை போய்விடும். பக்கக் கன்றுகளால் பரவுவதால் நடைபாதையோரம் நடுவது உசிதமன்று.

நாற்று வாங்குகையில் இலைக்காம்பின் அடியில் ஒட்டியுள்ள சிறு செதிலைக் கவனிக்கவேண்டும். அது சீப்பின் பற்களைப்போல் கிழிந்திருந்தால் மல்டிபுளோரா. குறுகி, ஓரம் கிழியாமல் இருந்தால் சதுப்பு ரோஜாவாக இருக்கலாம். பூத்த செடியில் ஐயமே எழாது: மல்டிபுளோராவின் பூ சிறியது, பெரும்பாலும் வெண்மையானது, கொத்துக் கொத்தாய்ப் பூப்பது.