பாட்டன் பிறந்த ஊர் எது?

(திருத்தணியில் நாம் பேசிய பேச்சின் சுருக்கம்)



சுயமரியாதைக் கூட்டத்தில் கால்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பந்து உதைக்கச் சொல்லிக் கொடுக்க நாம் இங்கு வரவில்லை. அது நமக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த விளையாட்டு உலகத்தில் நடக்கும் ஒரு பெரிய வழக்கு, நாம் இத்தனை காலமாய்ச் சொல்லி வரும் விஷயத்தையே சேர்ந்ததாக இருக்கிறது. ஒரு மனிதனுடைய யோக்கியதையை அவனைக் கொண்டு தீர்மானிப்பதா, அல்லது அவன் பாட்டனைக் கொண்டு தீர்மானிப்பதா என்பதே அந்த வழக்கு.

ஒருவன் புதிதாக ஒரு நாட்டுப் பிரஜையாகி அந்த நாட்டுக்காக ஆட வேண்டுமானால், சர்வதேசக் கால்பந்துச் சங்கமாகிய ஃபிஃபா அவனைச் சில கேள்விகள் கேட்கிறது. நீ அங்கே பிறந்தாயா? உன் தாயோ தகப்பனோ அங்கே பிறந்தார்களா? உன் பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்தார்களா? இவை ஒன்றுமில்லையானால், அங்கே போதுமான காலம் குடியிருந்தாயா? பதினெட்டு வயதுக்கு மேல் குடியேறியவனானால் ஐந்து வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகப் பாட்டனுக்கு ஒரு பிறப்புச் சீட்டு இருந்துவிட்டால், பேரன் அந்த மண்ணில் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க வேண்டியதில்லை!

இந்தப் "பிறந்த நாடு" என்னும் சரக்கு எவ்வளவு உறுதியானது என்று திருத்தணிக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1940இல் இந்த ஊரில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. அது சென்னை மாகாணம். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டு, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. 1955இல் அதே வீட்டில் பிறந்த தங்கை ஆந்திரத்தில் பிறந்தவளானாள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றும் பலரும் வடக்கெல்லைக்குப் போராடினார்கள். படாஸ்கர் தீர்ப்பு வந்தது. 1960 ஏப்ரல் 1இல் தாலுகா சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. 1961இல் பிறந்த தம்பி மறுபடியும் சென்னைக்காரன்! ஒரே வீடு, ஒரே தாய், ஒரே அடுப்பு. மூவரில் யார் ரத்தத்தில் என்ன மாறிற்று? மலைமேல் இருக்கும் முருகனும் ஆறரை வருஷம் ஆந்திரத்தில் இருந்துவிட்டு வந்தவர்தானே! அவர் ஒரு படிகூட இறங்கவில்லை. கோடு போட்டவர்கள் சர்க்கார் காரியாலயத்து மனிதர்கள். மனிதன் போட்ட கோட்டை மனிதன் மதித்து நடக்கலாம். அது ரத்தத்தில் ஓடுகிறது என்று சொன்னால் அது புராணம்.

நிற்க, அந்தப் புராணம் என்ன வேலை செய்கிறது பாருங்கள். 2025 ஜூன் 10இல் மலேசியா, வியட்நாமை 4-0 என்று தோற்கடித்தது. மலேசியச் சங்கம் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய தேசங்களில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களைச் சேர்த்துக் கொண்டிருந்தது. இவர்களுடைய பாட்டன் பாட்டிமார் பினாங்கு, மலாக்கா முதலிய மலேசிய ஊர்களில் பிறந்தவர்கள் என்று சீட்டுக் காட்டினார்கள். ஃபிஃபா அந்தந்த ஊர் மூலப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. பாட்டன் பாட்டிமார் மலேசியாவில் பிறக்கவே இல்லை! செப்டம்பரில் மலேசியச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்கு அபராதமும், ஏழு பேருக்கும் 12 மாதத் தடையும் விதித்தார்கள். நவம்பரில் மேல்முறையீட்டுக் குழுவும் அதையே உறுதி செய்தது.

தோழர்களே! இது நமக்குப் புதிதா? கையில் கொஞ்சம் பணமும் சேனையும் சேர்ந்தவுடன் புரோகிதனைக் கூப்பிட்டுத் தன்னைச் சூரிய வம்சம் என்றும் சந்திர வம்சம் என்றும் எழுதி வாங்கிய அரசர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! பாட்டனுக்கு மதிப்பு உள்ள இடத்தில் பாட்டன் விலைக்கு விற்கப்படுவான். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் வயிறு எரியும் விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அதே மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தாயும் தகப்பனும் அங்கேயே பால் மரம் வெட்டி மாண்டு, தாமும் கிழவராகி, சரியான சீட்டு இல்லாத ஒரே குற்றத்துக்காகச் சிவப்பு அடையாள அட்டையோடு பிரஜா உரிமைக்கு அலைந்த தமிழர்கள் உண்டு. இவர்களுக்கு மண் உண்டு, பிறப்பு உண்டு, உழைப்பு உண்டு; காகிதம் இல்லை. அந்த எழுவருக்கு மண் இல்லை, பிறப்பு இல்லை; காகிதம் மட்டும் வந்துவிட்டது! ஏன்? அவர்கள் கோல் போடுவார்கள். இவர்கள் பால் மட்டுமே எடுப்பார்கள்.

இலங்கையைப் பாருங்கள். 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளியை என்ன கேட்டது? இலங்கையிலேயே பிறந்தவனானாலும், உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா என்று கேட்டது. இல்லையேல் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அவனைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்தார்களா என்று கேட்டது. தாயைக் கேட்கவே இல்லை! பத்து மாதம் சுமந்தவள் கணக்கில் இல்லை. கொழுந்து கிள்ளுகிற கூலி, பூட்டன் பிறந்ததற்குச் சீட்டு எங்கே போய் எடுப்பான்? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டு மந்தையைப் பங்கு போடுவது போல் பங்கு போட்டார்கள். அங்கே "இந்தியாக்காரன்" என்று விரட்டப்பட்டவன், இங்கே நீலகிரிக்கு வந்ததும் "சிலோன்காரன்" ஆனான். மிச்சமிருந்தவர்களின் குறை தீர 2003இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. பந்தாட்டத்தில் பாட்டன் கேள்வி ஒருவனுக்கு லாபம் தருகிறது. தேயிலைத் தோட்டத்தில் அதே கேள்வி லட்சக்கணக்கான பேரின் வீட்டைப் பிடுங்கியது.

ரத்தத்தின் பேரால் ஆள் சேர்த்தவர்களில் முன்னோடி யார் தெரியுமா? முசோலினி காலத்து இத்தாலி. லூயிஸ் மோன்டி என்பவர் 1930இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஆடியவர். 1934இல் அவரே இத்தாலிக்கு ஆடிக் கோப்பையும் வாங்கினார். இத்தாலிய ரத்தம் என்று கொண்டாடினார்கள். நான்கே வருஷம் கழித்து, 1938இல், அதே முசோலினி சர்க்கார் ரத்தத்தின் பேராலேயே யூதர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் உத்தியோகத்திலிருந்தும் வெளியேற்றிச் சட்டம் போட்டது. ரத்தத்தைச் சொல்லி ஒருவனைச் சேர்ப்பவன், அதையே சொல்லி இன்னொருவனைத் தள்ளுவான். வருணாசிரமத்தின் சாரமும் இதுதானே!

இனி நம் நாட்டு விஷயம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஹம்சா சவுத்ரியைத் தாய் வழியாக வங்காள தேசம் சேர்த்துக் கொண்டது. 2025 நவம்பரில் டாக்காவில் இந்தியா 1-0 என்று தோற்றது. உடனே, வெளிநாடுகளில் உள்ள இந்திய ரத்தத்தைக் கொண்டுவா என்ற கூச்சல் இன்னும் பலத்தது. 2008 முதல் இந்திய சர்க்காரின் விதி, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரே நாட்டுக்கு ஆடலாம் என்பது. இந்த விதி ரத்தத்தைக் கேட்கவில்லை. ஆகையால் இருக்கிற விதிகளில் இது எவ்வளவோ மேல் என்பது நமது அபிப்பிராயம். ஜப்பானில் பிறந்த அரட்டா இசுமி 2006 முதல் இங்கே ஆடி வந்து, இந்தியப் பிரஜையாகி, 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் 2023 முதல் பெங்களூரில் ஆடி, 2025இல் அந்நாட்டுக் குடியுரிமையை விட்டு இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார். அவரவர் தகப்பனும் தாயும் எந்த ஊரோ, நமக்குக் கவலையில்லை. இங்கே வந்தார்கள், வாழ்ந்தார்கள், விரும்பி நம்மவரானார்கள். வருக, வருக என்கின்றோம்.

பாட்டன் விதியை எடுத்துவிட்டால் பணக்கார நாடுகள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிவிடாவா என்று கேட்கிறார்கள். மலேசியாவில் பாட்டன் விதி அதைத் தடுத்ததா? அதுதானே கள்ளச் சாவியாய் உதவிற்று! வாங்குவதைத் தடுப்பது வசிப்புக் காலம்தான். பாட்டனைப் பொய்யாய்ச் சிருஷ்டிக்க ஒரு சீட்டுப் போதும். ஐந்து வருஷ வாழ்வைச் சிருஷ்டிக்க அக்கம்பக்கம், பள்ளிக்கூடம், மைதானம் எல்லாம் சாட்சி சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கம் கொண்டுவந்தார்களே, அவர்களைப் பழக்கியவர் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த ரஹீம். கோல் காத்தவர் தங்கராஜ். கடல் கடந்த ரத்தம் எதுவும் தேவைப்படவில்லை. 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தில் அந்நாட்டையே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டது. அதே வருஷம் ஆண்கள் அணி தகுதி இழந்தது. குறை ரத்தத்திலா இருக்கிறது? மைதானத்திலும் சோற்றிலும் பயிற்சியிலும் இருக்கிறது. இந்த மலைக்குக் காவடி வரப் பாதை உண்டு, பந்தல் உண்டு, சாமிக்குத் தங்கத்தேர் உண்டு. இந்தத் தாலுகாப் பிள்ளைகள் ஓடி விளையாடச் சமமான ஒரு தரை எத்தனை ஊரில் உண்டு?

ஆகவே தோழர்களே! பந்துக்குக் கோத்திரம் தெரியாது. யார் பாட்டன் எங்கே பிறந்தான் என்று உங்களை எவன் கேட்டாலும், பள்ளிக்கூடத்திலானாலும், கோயில் கர்ப்பக்கிரகத்திலானாலும், சர்க்கார் காரியாலயத்திலானாலும், பந்தாட்ட மைதானத்திலானாலும், அவனைத் திருப்பிக் கேளுங்கள்: "நான் இங்கே வாழ்கிறேன், இங்கே உழைக்கிறேன், இதற்குமேல் என் பாட்டனிடத்தில் உனக்கு என்ன வேலை?"