உயில் எழுத ஒரு தமிழ் நாவு: சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு



டாக்டரிடம் அம்மம்மாவுக்காகப் பேசுவது யார்? கவுன்சில் கடிதத்தை வாசித்துச் சொல்வது யார்? நீங்கள்தான். டூட்டிங்கில் வளரும் பிள்ளைகள் பலர் வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். அது நல்ல ஊழியம். ஆனால் ஒரு காரியத்தில் மட்டும் அந்த வேலையை நீங்கள் செய்யாதிருப்பது நல்லது. அதுதான் உயில்.

காரணம் எளிது. உயிலில் பங்கு பெறுபவரும் நீங்களே. தாய் சொன்னதை மகன் மொழிபெயர்த்து, அதன்படி உயில் எழுதப்பட்டால், நாளை தங்கை கேட்பாள்: "அம்மா சொன்னது இதுதானா, அண்ணா?" பதில் சொல்ல அம்மா இருக்கமாட்டார். அந்த ஒரு கேள்வியில் உடன்பிறப்புகள் பிரிந்துபோகலாம். வழக்கு நீதிமன்றம் வரை போகலாம். ஆகவே சொத்தில் பங்கில்லாத, தமிழ் தெரிந்த ஒரு சட்டத்தரணி நமக்குத் தேவை. சட்டம் படிக்கும் பிள்ளைகளே, உயிலும் வாரிசுரிமையும் உங்கள் சிறப்புத் துறையாகலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மொழி மட்டுமல்ல, இரண்டு நாட்டுச் சட்டமும் இதில் உண்டு. டூட்டிங் வீட்டுக்கு இங்கிலாந்துச் சட்டம். யாழ்ப்பாணக் காணிக்கு இலங்கைச் சட்டம். அங்கே வடக்கின் தமிழருக்குத் தேசவழமை உண்டு. 1707இல் டச்சுக்காரர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது. பெற்றோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் ஆகியவை அதில் சட்டச் சொற்கள். நீங்கள் அவற்றை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

உயில் எழுதும் முறையும் வேறு. இங்கே 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் எழுத்தில் எழுதி, ஒரே நேரத்தில் கூட இருக்கும் இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியானால் அந்தப் பங்கு செல்லாது. மகளுக்கு எழுதும்போது மருமகனைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்! இலங்கையிலோ நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்; நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும்.

பெரியவர்களே, உயில் இல்லாவிட்டால் இங்கே என்ன நடக்கும்? பிள்ளைகள் இருந்தால், கணவனுக்கோ மனைவிக்கோ வீட்டுச் சாமான்களும் முதல் 322,000 பவுணும் மீதியில் பாதியும் போகும், மறுபாதி பிள்ளைகளுக்கு. வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு விதவையை இக்கட்டில் விடலாம். சட்டப்படி மணம் செய்யாத துணைக்குத் தானாக ஒன்றும் வராது. சிறுபிள்ளைகள் இருந்தால், அவர்களை யார் வளர்ப்பது என்பதையும் உயிலில் எழுதலாம்.

பிள்ளைகளே, இதற்கு வழி இப்படி. 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு இரண்டு கட்டத் தகுதித் தேர்வும் இரண்டு வருட வேலைப் பயிற்சியும் வேண்டும். முதல் கட்டத்திலேயே உயில் ஒரு பாடம். பல்கலைக்கழகத்தில் டிரஸ்ட் சட்டத்தையும் காணிச் சட்டத்தையும் ஊன்றிப் படியுங்கள். வரிச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுங்கள். இலவச சட்ட உதவி மையத்தில் சேருங்கள். முறையாக உறுதிப்படுத்தினால் அந்தக் காலமும் பயிற்சியில் சேரும். பின்பு, 1991இல் லண்டனில் தொடங்கிய ஸ்டெப் என்ற அமைப்பு இத்துறையில் மேற்பயிற்சி தருகிறது. ஒரு எச்சரிப்பு: இந்நாட்டில் உயில் எழுதிக்கொடுக்கச் சட்டத்தரணியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால் மாமி கேட்டாரே என்று படிக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

வேதத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை அறிவீர்கள். தகப்பனுக்கு மகன் இல்லை. பங்கு கைவிட்டுப் போகும் நிலை. அவர்கள் மோசேயின் முன் நின்று தங்கள் வழக்கைத் தாங்களே தெளிவாகச் சொன்னார்கள். கர்த்தர் அவர்கள் பேச்சை நியாயம் என்று ஏற்று, சட்டத்தையே ஏற்படுத்தினார். நம் தாய்மாரும் தங்கள் மனதிலுள்ளதைத் தங்கள் வாயாலேயே, தங்கள் மொழியிலேயே சொல்லவேண்டும். அதைக் கேட்டு ஒரு எழுத்தும் மாறாமல் எழுதித்தர, இந்தச் சபையிலிருந்து ஒருவராவது எழும்பட்டும்.