ஊமைப் படமும் ஜாதியின் கூச்சலும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தோழர்களே!

இவ்வட்டாரத்து ஆலைகளில் செய்யும் மோட்டார் வண்டியை வாங்குகிறவன் எவனாவது, இதன் போல்ட்டை முடுக்கிய கை எந்த ஜாதிக் கை என்று கேட்கிறானா? கேட்பதில்லை. ஆனால், அப்படிக் கேட்டே ஒரு படக் கம்பெனியைப் பாழாக்கிய கதையை இன்று சொல்லுகிறோம்.

1926-ம் வருஷத்தில் திருவனந்தபுரம் பட்டத்தில் ஜே.சி. டானியல் என்பவர் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் ஸ்டூடியோவை ஆரம்பித்தார். மலையாள நாட்டிற்கு அதுவே முதல் ஸ்டூடியோ. நிலத்தை விற்றுப் பணம் போட்டார். தாமே கதை எழுதி, தாமே கதாநாயகனாகவும் நடித்தார். புராணக் கதையை விட்டுச் சமூகக் கதையை எடுத்தார். படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோஸி என்னும் புலையர் வகுப்புப் பெண். வேஷமோ நாயர் பெண் வேஷம்.

1930-ம் வருஷம் முடிவதற்குள் படம் கேப்பிடல் கொட்டகையில் காட்டப்பட்டது. ஊமைப் படமாதலால் ரோஸி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனாலும் மேல்ஜாதிக்காரர்கள் கூச்சலிட்டுத் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். ரோஸியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள். அவர் தப்பியோடி, நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்தார். ஸ்டூடியோவும் பின்னர் மூடப்பட்டது. டானியல் பல் வைத்தியரானார். 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார்.

நிற்க, 1913-ல் பால்கே எடுத்த அரிச்சந்திரன் படத்தில் ராணி வேஷம் போட்டவர் ஓட்டல் சமையல் வேலை பார்த்த ஓர் ஆண்பிள்ளை! மீசையை எடுத்தவுடன் ஆண் ராணியாகலாம். மனிதன் கடவுளாகக்கூட வேஷம் போடலாம். மேல்ஜாதிக்காரன் சுடலை காக்கும் வேஷம் போட்டாலும் அவன் ஜாதி போகாது. ஆனால் புலையப் பெண் நாயர் பெண்ணாக நடித்தால் மாத்திரம் உலகம் கவிழ்ந்துவிடுமா? அப்படியானால், வேஷத்தினால் கலைந்துவிடக்கூடிய அந்த ஜாதியே ஒரு வேஷமல்லாமல் வேறென்ன?

1992-ல் கேரள சர்க்கார் டானியல் பெயரால் ஒரு விருது ஏற்படுத்தியது. நல்லதுதான். ஆனால் அந்தப் படச்சுருள் இன்று கிடையாது. எரிந்த குடிசையும் திரும்பாது.

ஆகவே தோழர்களே! போல்ட்டைப் பார்த்துக் கேட்காத கேள்வியை, வாடகை வீட்டு வாசலிலும் கல்யாணப் பேச்சிலும் நாம் கேட்கிற வரையில், அக்கொட்டகையில் கல்லெடுத்த கூட்டத்தில் நாமும் சேர்ந்தவர்களே ஆவோம். அக்கல்லைக் கீழே போடுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.