அளவறிந்து கூலி பேசுதல்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் பழம்பெருமை பேசுவது வழக்கம். நாமோ இன்று நில அளவைப் பற்றிப் பேச விழைகின்றோம். காரணம் எளியது. நம் மக்களின் கூலி இன்று பெரும்பாலும் பரப்பைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. நடவும் களையெடுப்பும் நாட்கூலியாக இருந்த நிலை மாறி, மாவுக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தமாகப் பேசும் முறை பல ஊர்களில் வேரூன்றிவிட்டது. வயலை விட்டு நகரம் சென்ற நம் இளைஞர்கள் சிலர் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் தங்கும் விடுதிகளிலும் புல்தரை அமைக்கும் வேலையை எடுத்து நடத்துகின்றனர். அங்கும் சதுர அடிக்கே விலை. பரப்பைத் தவறாகக் கணித்தவன் கைப்பொருளை இழக்கின்றான்.

எங்கள் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். சம்பா நடவு. நிலம் நான்கு மா என்று பண்ணையில் சொன்னார்கள். நான்கு மாவுக்குக் கூலி பேசி எங்கள் அன்னையர் இறங்கினர். பொழுது சாயும் வேளையில் நாற்று தீர்ந்தது, நிலம் தீரவில்லை. வழக்கமாக ஒரு மாவுக்கு எத்தனை முடி நாற்றுச் செல்லும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருந்த கணக்கு. "இது நாலு மா இல்லீங்க" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். "கணக்கிலே நாலுதான் இருக்கு" என்ற விடையோடு பேச்சு முடிந்தது. மறுநாள் கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். நான்கரை மா வந்தது. அரை மாவென்றால் 7,200 சதுர அடி. அத்தனையும் கூலியின்றி நடப்பட்டது. அன்னையர் அறிந்திருந்தனர், ஆனால் அவர்தம் அறிவை ஏற்கும் ஏடு எங்கும் இல்லை.

அந்த ஏடு பழைமையானது. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001-இல், சோழநாடு முழுதும் அளக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாக்கி, அதில் ஒரு கூறு வரை நிலம் கணக்கிடப்பட்டிருப்பதை அறிஞர் வியந்து எழுதியுள்ளனர். அதே கல்வெட்டுகள் இறையிலியாகக் கழிக்கும் இடங்களை எண்ணும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்பவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் சுடுகாட்டையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. நாம் குடியிருந்த மண்ணையும் அரசு அளந்தது. அளவுகோல் மட்டும் நம் கையில் இல்லை.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்டன், 1808-இல் தஞ்சைக்கு வந்தார். சமவெளியும் தென்னஞ்சோலையும் பார்வையை மறைக்க, பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றினர். கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தியது அவருடைய விடாமுயற்சி. சங்கிலி அளவையும் அவர்கள் தந்ததே: 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஊரின் எல்லைக் கல் எது என்று காட்டும் பணி வெட்டியானுடையது. எழுதும் பணி கர்ணத்தினுடையது. அப்பரம்பரைப் பதவி 1980-இல் ஒழிந்தது.

கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதன் விளைவாக 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. படியின் அளவைக் கேட்பதற்கே அவ்விலை கொடுத்த மாவட்டம் இது என்பதை நினைவிற்கொண்டே நிலத்தின் அளவைப் பற்றிப் பேசுகின்றோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. 120 அடிக்கு 120 அடி என்று மனத்தில் கொள்க. இருபது மா ஒரு வேலி, 6 ஏக்கர் 61 சென்ட். ஒரு மா 33 சென்ட். பட்டாவில் ஏர் என்று இருந்தால் ஒரு மாவுக்கு 13.38 ஏர்.

இன்று இக்கணக்கிற்குக் கயிறும் வேண்டியதில்லை. 2005-இல் கூகுள் எர்த் வந்தது. 2009-இல் நம் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் புவன் தளத்தைத் தந்தது. 2019-இல் செலுத்திய கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் கால் மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்ட வல்லது. கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, வயலின் மூலைகளில் விரலை வைத்துச் சுற்றி வந்தால் பரப்புத் தோன்றுகின்றது. வேலைக்கு முதல்நாள் இரவு, திண்ணையில் இருந்தபடியே, இதனைச் செய்யலாம்.

ஆனால் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. ஒரு மா நிலத்தில் வரப்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் பக்கம் 120 அடி. வெளிவிளிம்பில் வைத்தால் 123 அடி. வேறுபாடு 729 சதுர அடி, அதாவது ஐந்து குழி. ஒரே வளைவாக உள்ள வேலி நிலத்தில் இதே மூன்றடிப் பிழை நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான். 20 அடிக்கு 30 அடிப் புல்தரையிலோ 600 சதுர அடி 759 ஆகிவிடும். ஆகவே பெருநிலத்திற்கு வரைபடம், சிறு புல்தரைக்கு நாடா. புல் வேலை எடுக்கும் தம்பிமார் இதனை மறவாதிருத்தல் நலம்; படத்தை நம்பிக் கூடுதலாகப் புல் வாங்கினால் வாடிப்போவது நம் முதல். மரநிழல் மூடிய வரப்பு படத்தில் தெரியாது. படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். படம் முழுவதும் சில அடி நகர்ந்து காட்டினாலும் பரப்புக் கெடாது. கைப்பேசியை ஏந்தி வரப்பில் நடந்து அளக்கும் முறை வேறு. அதில் ஒவ்வொரு மூலையும் நான்கைந்து மீட்டர் பிழைபடலாம். நம் சமவெளி நமக்கு வாய்த்த நலம். 30 பாகைச் சரிவில் உண்மையான தரை படத்தைவிட நூற்றுக்குப் பதினைந்து மிகும். உதகையில் புல் வேலைக்குப் போகிறவருக்கே அக்கவலை.

ஊரில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் வழக்கம் உண்டு. செவ்வகமல்லாத நிலத்தில் இது எப்போதும் மிகுதியாகவே காட்டும். பக்கமெல்லாம் 120 அடியாய், ஒரு மூலை 60 பாகையாய்ச் சாய்ந்த நிலம் இம்முறையில் ஒரு மா; உண்மையிலோ 12,471 சதுர அடிதான். கூலி வாங்கும்போது இது நமக்கு ஆதாயம், மனை வாங்கும்போது நட்டம். இரண்டிடத்தும் மூலைவிட்டம் பிடித்து இரண்டு முக்கோணமாக்கி அளப்பதே நேர்மையான வழி. அரசின் புலப்படமும் மூலைவிட்டத்தையும் அதற்குச் செங்குத்தான அளவுகளையும் கொண்டதே. புல எண் தெரிந்தால் அரசின் இணையச் சேவையில் அதனைப் பார்க்கலாம்.

மற்றொன்று. கைப்பேசிக் கணக்கு பேச்சுக்கு உதவும், வழக்குக்கு உதவாது. 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தால் கிடைத்த மனையில் எவரேனும் வரப்பை நகர்த்தினால், கட்டணம் செலுத்தி அரசு நில அளவரை வரவழைத்தே தீர்க்க வேண்டும்.

கூலி பேசும் முறையிலும் ஒரு சொல். "நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள்" என்று எவரிடமும் தொடங்க வேண்டா. வரப்புச் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலில் கேளுங்கள். பின்னர்ப் படத்தைக் காட்டி, "அரை மா கூடுதலாக வருகிறது, நாடாவில் சேர்ந்தே பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நாடாவின் மறுமுனையை நிலத்துக்காரரே பிடிக்கட்டும். குழுவில் படித்த பெண்ணொருத்தி இருந்தால் பேச்சை அவளிடமே விடுங்கள். நாற்றுமுடிக் கணக்கு அறிந்த மூத்தவர் பக்கத்தில் நிற்கட்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கழகத் திடலில் கூடுகின்றோம். நூறடி நாடாவும் முளைக்குச்சியும் கழகம் தரும். கைப்பேசி நீங்கள் கொண்டு வருக. திடலின் பரப்பை முன்னரே அளந்து உறையிலிட்டு ஒட்டி, செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். இரு அணியும் அளந்து முடித்த பின்னரே உறை பிரிக்கப்படும்.