அகலிகை திரும்பக் கல்லானாள்



வில்லியனூர், பாகூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கட்டியக்காரன் துரியோதன மகாராஜாவையே கிண்டல் பண்ணுவான். ஒருத்தருக்கும் கோபம் வராது. அச்சில் வந்தால் மட்டும் வருகிறதே, ஏன்?

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943-இல் கலைமகளில் வந்தது. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று அவரே முகப்பில் குறிப்பு வைத்தார். தன் சாபத்தைத் தீர்த்த ராமனே சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று, சீதை வாயாலேயே கேட்டதும் அகலிகை திரும்பக் கல்லாகிறாள்.

‘மூலத்தில் இப்படியா இருக்கு?’ என்பார்கள். எந்த மூலம் ஐயா? வால்மீகியில் அவள் கல்லாகவே இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கிறாள். கல், பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவியமாக வருகிறது; பிறகு கம்பரில்.

பாகூரில் என் அத்தைக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். ராம நாமம் சொல்லாமல் படுக்காதவர். கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘அவ கல்லாயிட்டா, சரி. புருஷன் என்ன ஆனாரு?’

‘துறவியாயிட்டாரு அத்தை.’

‘அதானே! அவருக்குப் போக எடம் இருக்கு.’