எந்த எழுத்தில் தடுக்குகிறது?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால், எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று பார்ப்பதே ஆசிரியரின் முதல் வேலை. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. எட்டு வயதுக்குள் எழுத்தும் கணக்கும் கைவர வேண்டும்; அதற்காக ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அதே மாவட்டத்தின் புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இதன் தேவை இன்னும் அதிகம். ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிறவர்கள். ‘பல்’லில் வரும் ப ஓர் ஒலி, ‘கம்பு’வில் வரும் ப வேறோர் ஒலி; இந்தியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அங்கே தயங்கும் பிள்ளை மந்தம் இல்லை, காது கூர்மையானது.

இப்படிக் கவனித்தால் பாடம் எப்போது முடியும் என்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நடத்திய பாடம் பதிவேட்டில் மட்டுமே முடிந்திருக்கும். ‘அரும்பு’ என்பதே பட்டப்பெயராகிவிடாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பிள்ளை ஆண்டு முழுக்க அதே நிலையில் கிடந்தால் ஆகத்தான் செய்யும். ஆகவே மதிப்பீடு செய்ததும், தேறிய பிள்ளையைத் தாமதிக்காமல் மொட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.