பழைய வாகனங்களின் குளிர்சாதனம்

கண்டி மாநகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. கொழும்பு வெயிலில் வாடி வருபவர் கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டியதும் இதமான காற்றை உணர்கிறார். அப்படியிருக்க, கண்டியில் ஓடும் பழைய மோட்டார் வண்டிக்குக் குளிர்சாதனம் எதற்கு என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை வெயிலில் இல்லை, மழையில் இருக்கிறது.

மழை நாளொன்றிலே பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் வண்டியொன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளே நால்வர், கண்ணாடிகள் மூடப்பட்டிருக்கின்றன. அவர்கள் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியிற் படிந்து பாதையை மறைக்கிறது. சாரதி ஒரு கையாற் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையாற் கண்ணாடியைத் துடைக்கிறார். எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் பேருந்து. இவ்வேளையில் குளிர்சாதனம் ஆடம்பரப் பொருளன்று. உயிரைக் காக்குங் கருவியாகும். அது காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. அவ்வுலர்ந்த காற்று கண்ணாடியிற் பட்டதும் மூட்டம் விரைவிற் கலைந்துவிடும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், கையிலுள்ள வண்டியைப் பேணிக் காப்பதே பலருக்கு ஒரே வழியாயிற்று. வண்டி முதுமையடைய அடையக் குளிர்சாதனமும் தளர்வது இயல்பு.

அதன் செயல்முறை எளியது. இயந்திரத்தின் வார்ப்பட்டியாற் சுழலும் கொம்பிரசர் என்னும் அமுக்கி, வாயுவை அழுத்திச் சூடேற்றுகிறது. றேடியேட்டருக்கு முன்னாலுள்ள ஒடுக்கியிலே அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. உலர்த்திக் குப்பியைக் கடந்து, சிறு துவாரமொன்றின் வழியாக விரிந்து, உள்ளேயுள்ள ஆவியாக்கியிலே மீண்டும் வாயுவாகும்போது அறையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அதே வாயு திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறதேயன்றி, பெற்றோலைப்போல எரிந்து தீர்வதில்லை.

இவ்வுண்மையை மறப்பதனாலேயே பலருடைய பணம் வீணாகிறது. குளிர் குறைந்ததும் "காஸ் அடித்தால் போதும்" என்று கருதிவிடுகின்றனர். வாயு குறைந்திருந்தால் எங்கோ கசிவிருக்கிறது என்பதே பொருள். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோர் நாள்தோறும் கிணற்றடிக்குப் போகவேண்டியதுதான். ஆகையால் முதலிற் கசிவைத் தேடல் வேண்டும். குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்ப் பிசுக்குக் கண்டால் அவ்விடத்தை ஐயுறலாம். நைதரசன் வாயுவை நிரப்பிச் சவர்க்கார நீரைப் பூசினால், கசியுமிடத்தில் நுரை பொங்கும்.

கசிவை அடைத்த பின்னர், உலர்த்திக் குப்பியை மாற்றி, வெற்றிடப் பம்பியால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அகற்றவேண்டும். எஞ்சிய ஈரம் விரிவடையும் துவாரத்தில் உறைந்து அடைப்பை உண்டாக்கும். அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். அதன் பின்னரே, குறித்த அளவு வாயுவை நிறுத்து நிரப்புதல் முறை. அளவு மிகினும் குளிர் குறையும்.

1990ஆம் ஆண்டையொட்டிய காலத்துக்கு முற்பட்ட வண்டிகளில் ஆர்-12 என்னும் வாயு வழங்கியது. அதிலுள்ள குளோரின், உலகைப் புறவூதாக் கதிரினின்று காக்கும் ஓசோன் படலத்தைச் சிதைப்பதாக 1974ஆம் ஆண்டில் மொலினா, றோலண்ட் என்னும் அறிஞர் இருவர் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று; 1989ஆம் ஆண்டில் இலங்கையும் அதில் இணைந்தது. பின்னர் ஆர்-134ஏ வழக்கத்துக்கு வந்தது. பழைய வண்டியைப் புதிய வாயுவுக்கு மாற்றும்போது வாயுவை மட்டும் மாற்றினாற் போதாது. பழைய கனிய எண்ணெய் புதிய வாயுவோடு கலவாது. ஆகவே அமுக்கி உராய்ந்து கெடும். எண்ணெய், இறப்பர் வளையங்கள், உலர்த்தி ஆகியவற்றையும் மாற்றவேண்டும். ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லையாயினும், புவியைச் சூடேற்றுவதிற் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. பழுதுபார்ப்போர் அதைக் காற்றிலே திறந்துவிடாது, கலத்திற் சேகரித்தல் கடமையாகும்.

மலிவைக் கருதிச் சமையல் வாயுவை நிரப்பும் விபரீதமும் உண்டு. குளிர்விக்கும் இயல்பு அதற்கு உண்டென்பது மெய்யே. ஆனால் ஆவியாக்கி கசிந்தால், மூடிய வண்டியினுள்ளே எரிவாயு நிறையும். சிறு பொறியும் பேராபத்தாய் முடியும். சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்துவதற்காகக் குழந்தைகள் அமரும் இடத்தில் நெருப்பைக் குடியமர்த்தலாமா?

உரிமையாளர் தாமே செய்யக்கூடிய காரியங்களும் சிலவுண்டு. வாரமொருமுறை பத்து நிமிடமேனும் குளிர்சாதனத்தை இயக்கினால், எண்ணெய் பரவி அமுக்கியின் அடைப்பான் காயாதிருக்கும். ஒடுக்கியிற் படிந்த சேற்றையும் பூச்சிகளையும் மென்மையான நீர்த்தாரையாற் கழுவலாம். காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்யலாம். காலடி விரிப்பு நனைந்தால் நீர் வடியும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் வெப்பமானியின் முள் உயர்ந்தால், குளிர்சாதனத்தைச் சற்று நிறுத்தி, இயந்திரத்தின் பாரத்தைக் குறைத்தல் நன்று.

பழைய வண்டி வைத்திருப்பது குறையன்று. கவனியாது வைத்திருப்பதே குறை. மழைக்காலம் வருமுன் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோருக்கு, மலைப்பாதையின் அடுத்த வளைவு தெளிவாகத் தெரியும்.